நாலே எழுத்தில் ஐந்தெழுத்து

செவ்வாய்க்கிழமை

அன்பும் கோபமும் நிறைந்த அக்காவுக்கு,

அன்பு என்னுடையது, கோபம் உன்னுடையது. வாலு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைப் போனில் கேட்கலாமென்றால் என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். 'உங்க பேர்ல வந்த பார்சல்ல பாம்பு இருக்கு மேடம்' என்று குரலை மாற்றிப் பேசியது தப்புதான். நீ ஆபீஸில் மேசைமேல் ஏறி நின்றதாகக் கேள்விப்பட்டேன். இப்போது இறங்கிவிட்டாய் அல்லவா? போன் வழி அடைபட்டதால்தான் உன் ஆபீஸ் மெயிலுக்கு இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்க மருந்துக் கடையில் நின்று ஊருக்கே வலி மாத்திரை கொடுக்கிறாள், தான் ஒன்று போட்டுக்கொள்ள மட்டும் நேரமில்லை. முதலாளி இப்போது பின் அறை அலமாரியின் பொறுப்பையும் அவளிடம் கொடுத்துவிட்டார். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்தெல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதற்குச் சாவி கிடையாது. ஆங்கில எழுத்துப் பட்டன்கள் வைத்த பூட்டு. ஐந்தெழுத்து வார்த்தை ஒன்றை அழுத்தினால் திறக்கும். அம்மா உடம்பால் மறைத்துக்கொண்டுதான் அழுத்துவாள். என்னிடமிருந்து மறைப்பதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இருந்தபோது அந்தப் பூட்டு வீலென்று கத்தியது. யாரோ தப்பான வார்த்தையை அழுத்தியிருக்கிறார்கள். அம்மா நேராக என்னைத்தான் முறைத்தாள். சத்தியமாக நான் இல்லை. நீயும் நம்பமாட்டாய், பரவாயில்லை.

கடையில் பெட்டி இறக்கி அடுக்கப் புதிதாக ஓர் ஆள் வந்திருக்கிறார். கையில் எப்போதும் பேப்பரில் வரும் ஆங்கிலக் குறுக்கெழுத்துக் கட்டம் இருக்கும். அதனால் கட்டம் மாமா என்று பெயர் வைத்திருக்கிறேன். மருந்துக் கடையில் இருந்துகொண்டு மருந்துக்குக்கூடச் சிரிக்காத மனிதர். பள்ளி விட்டு நான் கடைக்குப் போய்ப் படிக்க உட்காரும்போது (உட்காருவது நிஜம்) பக்கத்தில் வந்து நிற்பார். 'பாப்பா, ஆறு எழுத்து, நடுவுல ரெண்டு T' என்பார். அவர் முடிக்கும் முன்பே நான் LETTER, BUTTON, BOTTLE என்று அடுக்கிவிடுவேன். 'நீ பெரிய ஆளாச்சே' என்று தலையை ஆட்டுவார். உன் தங்கை இந்தத் தெருவின் நடமாடும் அகராதி, தெரிந்துகொள்.

நேற்று வித்தியாசமான ஒரு கேள்வி கேட்டார். ஐந்தெழுத்து வார்த்தையாம், ஆனால் அதில் P, I, L, S என்ற நாலே எழுத்துகள்தான் இருக்க வேண்டுமாம். ஏதோ ஒன்று இரண்டு முறை வரும், எது என்று அவருக்கே தெரியாது. நான் யோசிக்கவேயில்லை. PILLS என்றேன். சுற்றிலும் மாத்திரைகளை வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியவில்லையா மாமா என்று கிண்டலும் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. 'அது போட்டுப் பாத்தாச்சு, ஒத்து வரல. வேற சொல்லு' என்றார். கட்டத்தைக் காட்டுங்கள் என்றதும் பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

வேறு வார்த்தை உனக்குத் தெரிந்தால் உடனே எழுது. எனக்கு மானப் பிரச்சினை.

உன் மன்னிப்புக்கு வரிசையில் நிற்கும்,
வாலு

*

வியாழக்கிழமை

அக்கா,

நீ பதில் போடவில்லை. இந்தக் கடிதத்தில் பாம்பு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வார்த்தை நேற்றுக் காலை பல் தேய்க்கும்போது கிடைத்தது. SPILL. சாயங்காலம் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். தூக்கிய பெட்டியைப் பாதியிலேயே கீழே வைத்தார். விரல்விட்டு ஒவ்வோர் எழுத்தாக எண்ணிப் பார்த்தார். பெரிய ஆளாச்சே என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா தன் கைப்பையை எடுத்துவரச் சொல்லி என்னைப் பின் அறைக்கு அனுப்பினாள். அப்போதுதான் அந்தப் பூட்டை முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தேன். பட்டன்கள் எல்லாம் கறுப்பாகப் பளபளத்தன. நாலு பட்டன்கள் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தன. P, I, L, S.

எந்தக் குறுக்கெழுத்திலும் அப்படி ஒரு கேள்வி வராது அக்கா. குறுக்கெழுத்துக் கட்டம், ஓர் எழுத்து எந்த இடத்தில் வரும் என்றுதான் காட்டும். எந்தெந்த எழுத்து என்று மட்டும் காட்டி, எதை இரண்டு முறை அழுத்துவது என்று காட்டாமல் விடுவது தேய்ந்த பட்டன்கள்தான். SPILL என்றால் கொட்டுவது. நான் உளறிக் கொட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். வார்த்தையைச் சொன்னதும் தோசைக் கரண்டி அப்படியே நின்றது. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். 'எட்டிப் பாத்தியாடி?' என்றாள். அவ்வளவுதான். வார்த்தை எனக்குத் தெரிந்திருப்பதே நான் திருட்டுத்தனமாகப் பார்த்ததற்குச் சாட்சியாகிவிட்டது. 'அவர் பாவம், வாயில்லாத மனுஷன், அவரையும் உன் கூத்துல இழுக்காதே' என்று திட்டினாள். வார்த்தையை மாற்றச் சொன்னேன். முதலாளி வந்தால்தான் மாற்ற முடியுமாம். அவர் வெளியூரில் இருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவாராம்.

முதலாளிக்கே போன் செய்தேன். போன மாதம் அவரிடம் சுகாதார அதிகாரி குரலில் பேசிக் கடை முழுக்கக் கழுவ வைத்தது நான்தான். குரலைக் கேட்டதுமே 'இன்னிக்கு என்ன வேஷம், மந்திரியா?' என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

இதைவிட மோசம் ஒன்று நடந்திருக்கிறது. இன்று அம்மா கடையில் அவரிடமே சொல்லிச் சிரித்திருக்கிறாள். 'என் பொண்ணு உங்களைத் திருடன்னு சொல்றா, மனசுல வெச்சுக்காதீங்க' என்று மன்னிப்பு வேறு கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்தபோது அவர் நம் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நம் வீடு அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. கையில் பேப்பர் இல்லை. 'இன்னொரு கேள்வி பாப்பா. அஞ்சு எழுத்து. T, Q, I, E, U. எல்லாம் ஒவ்வொரு தடவைதான்' என்றார். அதில் இரண்டு வார்த்தைகள் இருப்பது எனக்குத் தெரியும். வேண்டுமென்றே QUITE என்றேன். அவர் சிரித்தார் அக்கா. முதல்முறையாக. 'அதுவும் சரிதான். நான் நினைச்சது இன்னொன்னு. நீ புத்திசாலி, அதன்படி நடந்துக்குவே' என்றார். எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, 'சனிக்கிழமை சாயங்காலம் கடையில நானும் அம்மாவும் மட்டும்தான்' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த இன்னொரு வார்த்தை QUIET. வாயை மூடிக்கொண்டு இரு என்கிறார். கட்டம் மாமா என்று நான் பெயர் வைத்தேன், அவர் நம்மைக் கட்டம் கட்டிவிட்டார்.

மருந்து காணாமல் போனால் பழி அம்மாமேல் விழும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவர் அலமாரியைத் திறந்திருக்கும் நேரம் பார்த்து அம்மா பின் அறைக்குள் போனால் என்ன ஆகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ என்னை நம்ப வேண்டாம். என் எண்ணைத் திறக்கவும் வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் போன் செய். உடம்பு சரியில்லை, பயமாக இருக்கிறது, உடனே வா என்று ஒரே ஒரு பொய் சொல். விழுந்தடித்துக்கொண்டு வருவாள், என்னைத் தனியாக விடாமல் கூட்டிக்கொண்டும் வருவாள். திங்கட்கிழமைவரை எங்களை உன் ஊரிலேயே வைத்துக்கொள். இந்த வீட்டில் யாரும் சந்தேகப்படாத பொய்யை உன்னால் மட்டும்தான் சொல்ல முடியும், ஏனென்றால் நீ பொய்யே சொன்னதில்லை. அந்த ஒன்றை அம்மாவுக்காகச் செலவு செய். கடவுள் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

நீ நன்றாக இரு. சனிக்கிழமைக்கு முன்னால் நன்றாக இல்லை என்று சொல்.

வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
உன் வாலு