உடைந்த அடிவானம்

தம்பி வெர்னனுக்கு,

தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதால் குழலில்தான் சூப் குடிக்கிறாய் என்று உன் மனைவி லொரெட்டா சொன்னாள். இங்கே கோதுமை அறுவடை முடிந்துவிட்டது.

நம் கிழட்டு விமானத்தில் மேகத்துக்குள் பறக்கப் பழக, விமானம் சாய்கிறதா, நேராகப் போகிறதா என்று அடிவானக் கோட்டால் காட்டும் கருவி தேவைப்பட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று, விழுந்து நொறுங்கிய விமானத்திலிருந்து ஒன்றைக் கழற்றி வந்தவன் நான். அன்று வெளியே எதுவும் தெரியாதபடி கண்மறைப்பு மாட்டிக்கொண்டு, அதை மட்டுமே பார்த்து ஓட்டினேன்.

"அண்ணே, ஒரேடியா சாயுது, கைய எடு" என்றாய்.

"கருவி நேராத்தான் காட்டுது. அத நம்புன்னு வாத்தியார் சொன்னாருல்ல? வாய மூடிட்டு உக்காரு."

நீ குத்தியதில் கருவியின் கண்ணாடி சிதறியது. அடுத்த குத்து என் முகத்தில். ஓட்டும் பிடியை நீ பிடுங்கிக்கொண்டு விமானத்தை இறக்கினாய். பயத்தில் எல்லாவற்றையும் நாசமாக்கினாய் என்றுதான், இறங்கியதும் ஸ்பானரால் உன்னை அடித்தேன். நீ விழுந்த பிறகும் அடித்தேன்.

இன்று மெக்கானிக் கருவியைப் பிரித்தார். "ஒடையறதுக்கு முன்னாடியே இது செத்துப்போச்சு. உள்ள பூரா துரு. கவுந்து விழுந்தாலும் நேரா போறதாத்தான் காட்டும்" என்றார்.

விமானத்தின் முன்பலகையில் அது இருந்த ஓட்டையின் விளிம்பில் உன் கை ரத்தம் காய்ந்திருக்கிறது. துடைக்கவில்லை. ஸ்பானரை உனக்காக உன் இருக்கையில் வைத்திருக்கிறேன். தாடை சேர்ந்ததும் வா, இனி உன் முறை.

உன் அண்ணன்