பழக்கடைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர்

ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினேன். பஞ்சில் இன்னும் உன் தேங்காய் எண்ணெய் வாசனை. எண்ணெய்த் தலையோடு என் ஹெட்போனைத் தொடாதே என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன், ஒரு நாளாவது கேட்டாயா? நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பஞ்சை மாற்ற எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

விளம்பர இசை படிக்கச் சென்னைக்கு வந்தவர்களில் தருமபுரி மாவட்டத்துக்காரிகள் நாம் இரண்டே பேர். நீ அரூர், நான் பாப்பாரப்பட்டி. "வெளம்பரத்துக்குப் பாட்டுப் போட யுனிவர்சிட்டியா? மைக்கப் புடிச்சிக் கூவுனா ஆவாதா?" என்றார் உன் மாமா. "கூவறதுக்குத்தான் மாமா படிக்கறேன்" என்றாய். வகுப்பில் புரொபசர் கடை முதலாளி வேஷம் கட்டிக்கொண்டு உட்காருவார். நாம் போட்ட முப்பது நொடிப் பாட்டைக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் சந்தோஷமா" என்று திருப்பி அனுப்புவார். நான் பாத்ரூமில் போய் அழுவேன். நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே அடுத்த டியூனைப் போடுவாய். "நம்ம பாட்ட யாரும் தேடி வந்து கேக்க மாட்டாங்கடி. கேக்காதவங்க காதுலதான் போய் உழுவணும்" என்பாய். அந்தத் தொழிலைப் பற்றி இவ்வளவு சரியாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

படிப்பு முடிந்ததும் நமக்கு வந்த முதல் வேலை அரூர் ஜவுளிக்கடை விளம்பரம். பாடகி வருவதற்கு முன்னால் வழி காட்ட, இசையமைப்பவரே தன் குரலில் ஒருமுறை பாடி வைப்பதுதான் வழக்கம். பாடகி பாடியதும் அதை அழித்துவிடுவோம். நீ பாடி வைத்ததை நான் முதலாளிக்கு அனுப்பினேன். அவர் அதையே பத்து நாள் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார். பிறகு சேலத்துப் பாடகி பாடியதை அனுப்பினால் வேண்டாம் என்றுவிட்டார். "இது பட்டணத்துக் கொரலும்மா. அந்தப் புள்ளயே இருக்கட்டும்." அழிய வேண்டிய உன் குரல் அப்படித்தான் அரூர் பஸ் ஸ்டாண்டு ஸ்பீக்கரில் ஏறியது.

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி நீ வந்த கார் மேல் ஏறியது. உன்னை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தபோது, தெருமுனையில் கடையின் விளம்பர ஆட்டோ வந்தது. புதுப் புடவை வந்திருக்கிறது, வாங்க வாங்க என்று நீ பாடினாய். யாரோ ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார்கள். அந்த ஓட்டுநரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

போன மாதம் முதலாளி போன் செய்தார். "தப்பா நெனைக்காதம்மா. எறந்துபோன புள்ள கொரல வெச்சி தீவாளி யாவாரம் பண்ணக்கூடாதுன்னு வூட்ல சொல்றாங்க. நீயே வேற ஒண்ணு போட்டுக் குடு." எனக்கு வந்த கோபத்தில் போனை உடைத்திருப்பேன். நான் மாட்டேன் என்றால் வேறு யாராவது போடுவார்கள், அதுவும் தெரியும். உன் அப்பாவைக் கேட்கலாம் என்று பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டில் அவருடைய பழக்கடைக்கு நேர் மேலேதான் அந்த ஸ்பீக்கர். "போட்டுக் குடுத்துடு கண்ணு" என்றார், நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள். "தராசுல பழத்த வெக்கறப்போ அவ வந்து பாடுவா. கை அப்புடியே நின்னுக்கும். கடைய உட்டுட்டு நா எங்க போவேன்?" தராசுத் தட்டைத் துண்டால் துடைத்தார். "அவங்கம்மாகிட்ட மட்டும் கேட்டுடாத. சோறு கொண்டாற சாக்குல தெனமும் அதக் கேக்கத்தான் வர்றா."

ஒரே வீட்டில் ஒருவருக்கு அது தீராத வலி, இன்னொருவருக்கு அதுதான் உயிர். எனக்கு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. உன்னிடம் கேட்டிருப்பேன், நீதான் இல்லையே. போட்டுக் கொடுத்தேன். முதலாளி கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சந்தோஷமா வேணும் என்றார். அதையும் செய்தேன்.

புதுப் பாட்டு போட்ட அன்று நான் உன் அப்பாவின் கடையில்தான் இருந்தேன். மத்தியானம் உன் அம்மா சோற்றுத் தூக்குப்போசியோடு வந்தார்கள். வழக்கம்போல் காலிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கர் கரகரத்தது. அப்பா சாத்துக்குடியை அடுக்கத் தொடங்கினார், ஏற்கெனவே அடுக்கியதைக் கலைத்து. அம்மா முழுதும் கேட்டார்கள்.

"யாரு கண்ணு போட்டது?"

"நான்தாம்மா."

"பாடறது?"

"சேலத்துப் பொண்ணும்மா."

"அவங்கம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"கேக்கட்டும்" என்றார்கள். "நல்லா கேக்கட்டும்." போசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தார்கள். மறுநாளிலிருந்து வரவில்லை. அப்பா இப்போது மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறார். பழத்தை எடை போடும்போது கை நிற்பதில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டதடி. யார் பாட வந்தாலும், உங்க அம்மா எந்த ஊரில் இருக்காங்க, அங்கே இந்தப் பாட்டு கேட்குமா என்று விசாரிக்கிறேன். எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாமல் சிரிக்கிறார்கள். "கேக்குங்கக்கா" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மைக்கைத் திறக்கிறேன்.