கெதியா என்று இனிச் சொல்லமாட்டேன்

குவைத்
18.11.1988

அன்புள்ள மாமிக்கு, மருமகள் குணலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? மகள் அருந்ததி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

வெள்ளி பின்னேரங்களில் பக்கத்து வீட்டில் சமைக்கும் ஸபூராவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தால் லூடோ விளையாடுவோம். போன கிழமை ஸபூரா எனக்கு எதிரே இருந்தாள். நம் வீட்டுத் தாயத்தில் எதிரே இருப்பவர்தானே சோடி? அவளுடைய காயை இரண்டு தரம் வெட்டாமல் விட்டேன். அவளோ என் கடைசிக் காயை வெட்டிவிட்டுச் சிரித்தாள்.

“நீ என்ரை சோடியல்லோ!” என்றேன்.

“ஆர் சொன்னது? வாய் திறந்து கதைச்சனியோ? எதுமட்டும் வெட்டுறேல்லை எண்டு முதல்லை பேசோணும், பிள்ளை.”

பிறகு, இருவருக்கும் இரண்டு காய் வீடு சேரும்வரை வெட்டுவதில்லை என்று பேசி விளையாடினோம். அவள் மீறவேயில்லை.

உங்கள் மகன் எதிரே இருந்தபோது எனக்கு ஒன்றும் பேசவேண்டி இருக்கவில்லை, மாமி. ஆனால் ஷெல் விழுந்த அன்று, அச்சுவேலிச் சந்தைக்குப் போகும்போது, அவரும் “கெதியா வாறன்” என்றுதான் சொன்னார்; திரும்பி வரவேயில்லை. நானும் அருந்ததிக்கு நாள் ஒன்றும் குறிக்காமல் அதையே சொல்லிவிட்டு இங்கே வேலைக்கு வந்தேன். அதுதான் பிள்ளை எனக்கு ஒரு வரியும் எழுதுகிறாளில்லை.

நான் வேலை செய்யும் வீட்டுக்காரியிடம் கேட்டு, ஊருக்கு வர நாள் குறித்துவிட்டேன். ஏப்ரல் எட்டாம் திகதி அம்மா கோப்பாய் வீட்டில் நிற்பா என்று சொல்லுங்கோ. அவளுக்குச் சம்மதமென்றால் தாளில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்பட்டும், சப்பாத்து வாங்கவேண்டும். கையெழுத்துக்கு அது போதும்.

வீட்டுக்காரி கூப்பிடுகிறா. இரண்டு காலையும் கீறச் சொல்லுங்கோ.

குணலட்சுமி