மூச்சுக்கு நடுவே எடுத்த படம்

அன்புள்ள அத்தானுக்கு,

கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் கேபினில் கூட இருப்பவரிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துக் கடலில் போட்டுவிடுங்கள். நான் எழுதினேன் என்று தெரிந்தால் அக்கா ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டாள்.

கப்பலில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் பேசும்போதெல்லாம் அக்கா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவிடம் சொன்னால் ஊரையே கூட்டிவிடுவாள். அதனால்தான் அறையைத் தாழ்போட்டு, போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கர்ப்பமாக இருக்கிறாள். உங்களிடம் மறைத்தது போலவே அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்திலும் இன்னும் சொல்லவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் வாந்தி எடுத்தது எனக்குக் கேட்டுவிட்டது. "வெளியே மூச்சு விட்டே, தோலை உரிச்சுடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு சிரிக்காமல் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சத்தியத்தை நான் மீறியிருக்க மாட்டேன். ஆனால் நேற்று காம்பஸ் தேடி அவள் மேசை டிராயரைத் திறந்தேன். கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் உள்ளே கிடந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் கருவி அறைக்குள் போக வேண்டும். மாதக் கடைசியில் வாங்கிப் பார்த்து யார்மேல் எவ்வளவு பட்டது என்று சொல்வார்கள். அளவு கூடியவரைக் கருவிப் பக்கமே விட மாட்டார்கள். மறந்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன். இன்றும் அது அங்கேயேதான் கிடந்தது.

அவள் வேலை என்ன என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்கும் போன விடுமுறையில் அவளோடு போனபோதுதான் புரிந்தது. எலியை மயக்கி, வால் நரம்பில் கதிர் வீசும் மருந்தைச் செலுத்தி, அந்தக் கருவிக்குள் வைக்கிறார்கள். உடம்புக்குள்ளிருந்து வரும் கதிர்களைப் பிடித்துக் கருவி படமாக்குகிறது. எலியின் இதயம் ஒரு பட்டாணி அளவுதான். மூச்சு விடும்போது அதுவும் அசைவதால் படம் கலங்கிப்போகிறது. பழைய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அவர்களுடைய தலைவர், "இதுல எலி எங்கம்மா இருக்கு? காட்டினா ஒரு வணக்கம் வெச்சுட்டுப் போறேன்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

அக்கா விடவில்லை. எலியின் மார்புக்கு அடியில் ஒரு சின்ன பட்டையை வைத்து மூச்சைக் கவனிக்கிறாள். மார்பு ஏறி இறங்கும்போது வந்த கதிர்களைத் தள்ளிவிட்டு, இரண்டு மூச்சுக்கு நடுவே அசையாமல் இருக்கும்போது வந்ததை மட்டும் சேர்க்கிறாள். கலங்கல் போய்விட்டது. ஆனால் பாதியைத் தள்ளிவிடுவதால் மிச்சம் போதாமல் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. அதனால் மருந்தைக் கூட்டுகிறாள், நேரத்தைக் கூட்டுகிறாள், திரும்பத் திரும்ப எடுக்கிறாள். எல்லா ஊசியும் அவள் கையால்தான். போன வாரம் ஒரு படம் காட்டினாள். மோதிரம் மாதிரி ஒரு வளையம், அதில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி. அங்கேதான் அந்த இதயத்துக்கு ரத்தம் போகவில்லையாம். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

எலிகளைப் பார்த்துக்கொள்பவரை அங்கே எலிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்று வழியில் பார்த்தேன். "உங்கக்கா எலிகிட்ட பேசுற மாதிரி எங்ககிட்ட பேசினா நாங்க பொழைச்சுக்குவோம்" என்றார். ஒரு எலி வயிற்றில் குட்டியோடு இருந்ததாம். அக்கா அதைக் கருவியில் வைக்காமல் கூண்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "படம் கெட்டுடும்" என்று மட்டும் சொன்னாளாம்.

சாயங்காலம் அவளிடம் கேட்டேவிட்டேன். "ஈயத் தடுப்புக்குப் பின்னாலதான் நிக்கிறேன், ரொம்பக் கொஞ்சம்தான் படும்" என்றாள். அப்படியானால் பேட்ஜை ஏன் கழற்றி வைத்தாய் என்று கேட்டேன். டிராயரை இழுத்துச் சாத்தினாள். பிறகு, "போன தடவை தெரிஞ்ச அன்னைக்கே சொன்னேன். மேசை வேலைக்கு மாத்தினாங்க, என் கருவியை வேற ஆளுக்குக் கொடுத்தாங்க. எல்லாரும் சொன்னபடி ஒதுங்கி உட்கார்ந்தேன். என்னடி மிச்சம்? குழந்தையும் தங்கல, படமும் தங்கல" என்றாள். அப்போது நீங்கள், "கொஞ்ச நாள் வீட்ல இரு, அதுவும் நல்லதுதான்" என்று சொன்னீர்களாம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பீர்கள். அவளுக்கு அது இன்னும் வலிக்கிறது.

எவ்வளவு பட்டால் ஆபத்து என்று எனக்குத் தெரியாது, அத்தான். பேட்ஜ் இல்லாததால் இப்போது யாருக்குமே தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வேலையை விடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊசியை வேறு யாராவது போடட்டும், அவள் அடுத்த அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லட்டும். கருவி அவள் பெயரிலேயே இருக்கும் என்று தலைவர் வாக்குக் கொடுத்தால் அவள் சொல்லிவிடுவாள் என்று தோன்றுகிறது. தானாகப் போய் அவள் கேட்க மாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அடுத்த முறை பேசும்போது நல்லா இருக்கியா என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள். படம் எப்படி வந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். நம் வீட்டில் யாருமே அவளிடம் அதைக் கேட்டதில்லை, நான் உட்பட. அதன் பிறகு அவளாகவே...

கதவைத் தட்டுகிறாள். அக்கா ஒருநாளும் தட்டியதில்லை, பெயரைச் சொல்லிக் கத்துவாள். "முழிச்சிருக்கியாடி? எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்கு, இன்னைக்கு உன்கூடப் படுத்துக்கட்டுமா" என்று