லாரிக்காரர் சத்திரத்தில் ஒரு ஸ்பூன்

இன்று மத்தியானம் பட்டை கிராம்பு தேடும்போது அந்தச் சிவப்புத் தகர டப்பா கையில் அகப்பட்டது. திறந்ததும் புகையில் காய்ந்த மிளகாய்த்தூள் வாசனை. டெக்சஸின் ரவுண்ட் ராக் வீட்டுச் சமையலறை எங்கோ விலகிப் போய், நீ ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, இருபக்கமும் பாதாம் மரங்கள் வெள்ளையாய்ப் பூத்திருந்த அந்தச் சாலை வந்துவிட்டது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நோன்பு வயிற்றுக்கு அதெல்லாம் தெரியவில்லை, அந்த வாசனைக்கே பசித்தது.

அப்போது ஆபீஸ் வேலையாக நாம் இரண்டு பேரும் மாட்ரிட் போயிருந்தோம். வெள்ளிக்கிழமை சீக்கிரம் முடிந்ததும் வாடகைக் காரில் கிளம்பினோம். "பாய், மேப்பை ஆஃப் பண்ணு. ரோடு கூட்டிட்டுப் போற இடத்துக்குப் போவோம்" என்றாய். ரோடு ஒரு லாரிக்காரர் சத்திரத்துக்குக் கூட்டிப்போனது. கீழே சாப்பாட்டுக்கடை, மேலே நாலு அறை. நம் அறையில் இரண்டு ஒடுங்கிய கட்டில், சொரசொரப்பான கம்பளி, சுவரில் ஒரு சிலுவை. ஜன்னலைத் திறந்தால் டீசலும் பூவாசமும் சேர்ந்து வந்தன. "உங்காளு இங்கயும் வந்துட்டார்" என்று சிலுவையைக் காட்டினேன். "ரூம் புக் பண்ணதே அவர்தான்" என்றாய்.

மணி நான்கு. அடுப்பை அணைத்துவிட்டோம், இனி ஒன்பது மணிக்குத்தான் என்று கடைக்கார அம்மாள் கையை விரித்தாள். பிறகு நம் முகத்தைப் பார்த்து இரங்கி, மிச்சமிருந்த பருப்புக் குழம்பை மண்சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். இறைச்சி உண்டா என்று டெக்சஸ் டாக்கோ கடைகளில் பொறுக்கிய ஸ்பானிஷில் கேட்டாய். இல்லவே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள். பன்றி எலும்பைப் போட்டுக் கொதிக்கவிட்டு எடுத்துவிட்டால், அவளுக்கு அது வெறும் பருப்புதான்.

நான் ஸ்பூனை எடுப்பதற்குள் "இரு பாய், நான் பார்த்துச் சொல்றேன்" என்று முந்திக்கொண்டாய். ஒரு வாய்தான். மெதுவாக விழுங்கிவிட்டு, "உனக்கு வேணாம்" என்று சட்டியைத் தள்ளி வைத்தாய். அந்த அம்மாளைக் கெஞ்சி அடுப்பை மறுபடி மூட்டவைத்து, கடையில் மிஞ்சியிருந்த இரண்டு முட்டைகளையும் எனக்குப் பொரிக்கச் சொன்னாய். நீ வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றாய்.

"உனக்கென்னடா தடை? அந்தப் பருப்பை அடிக்க வேண்டியதுதானே" என்று கிண்டலடித்தேன்.

"பசி இல்ல பாய்."

நம்பினேன். மேலே போய், லாரிகள் வருவதும் போவதுமான சத்தத்தில், சாய்ந்த வெயில் காலில் விழ, எந்த ஊர் என்றே தெரியாத தூக்கம் தூங்கினேன். மறுநாள் காலை கிளம்பும்போது அந்த அம்மாள் இந்த டப்பாவை உன் கையில் திணித்தாள். நீ என்னிடம் கொடுத்துவிட்டாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று உன் மனைவி சொன்னாள். "பாப்பா குறைமாசத்துல பொறந்து இன்குபேட்டர்ல இருந்தப்ப, வருஷா வருஷம் தவக்காலம் நாப்பது நாளும் கறி தொட மாட்டேன்னு நேர்ந்துக்கிட்டார். ஒரே ஒரு தடவைதான் தவறுச்சு, ஸ்பெயின்ல. ஏன்னு கேட்டேன். பாய் பசியோட இருந்தான், ஆண்டவர் கேட்டா நான் சொல்லிக்கறேன்னார்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பெற்ற பெண்ணின் உயிருக்காக நேர்ந்ததை என் நாக்குக்காக உடைத்துவிட்டு, என் கிண்டலையும் வாங்கிக்கொண்டாய்.

இந்த வருஷம் உங்கள் தவக்காலமும் எங்கள் நோன்பும் சேர்ந்தே வந்திருக்கின்றன. இன்று சாயங்காலம் நோன்பு திறக்க உன் மனைவியையும் மகளையும் கூப்பிட்டிருந்தேன். நம் தமிழ் வீடுகள் சேர்ந்து காய்ச்சிய நோன்புக்கஞ்சி இரண்டு பாத்திரங்களில் வந்திருந்தது. ஒன்றில் கொத்துக்கறி உண்டு, ஒன்றில் இல்லை. பாத்திரங்கள் ஒரே மாதிரி. எது எது என்று கேட்டு வைக்க மறந்துவிட்டேன்.

உன் மகள் கிண்ணத்தை உற்றுப் பார்த்தாள். "அங்கிள், இதுல மீட் இருக்கா? ஐ கான்ட். அப்பாவோட ப்ராமிஸ். நௌ இட்ஸ் மைன்."

போனில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்துக்குப் போன கையை இழுத்து ஸ்பூனை எடுத்தேன்.

"இரும்மா, நான் பார்த்துச் சொல்றேன்."

இன்றைய நோன்பை அந்த ஒரு வாயில்தான் திறந்தேன். கறி இல்லை. கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.