துரை குடித்த மண்ணெண்ணெய்

அண்ணை,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று நான் கடையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றதைக் கண்ட கடைக்காரர், என் மனைவிக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். "ஆளுக்கு ஒண்டுமில்லை, கார் ஞாபகம்" என்று அவள் சமாளித்தாளாம்.

இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் இருக்கலாம். மலைநாட்டுத் தோட்டத் துரை ஒருவரிடமிருந்து ஒரு டாக்குத்தருக்குப் போய், எண்பத்து மூன்றில் அவர் வெளிநாடு போனபோது உங்களிடம் வந்தது. கொக்குவிலில் உங்களுக்குப் பக்கத்து வளவில் இருந்த பாவத்துக்கு, அதை உள்ளே தள்ளியவர்களில் நானும் ஒருவன். பழைய சொந்தக்காரரின் நினைவாக அதற்குத் 'துரை' என்றே பெயர் வைத்தீர்கள்.

தகரத்தைக் கழற்றினால் உள்ளே மரச்சட்டம். அதையும் கறையான் தின்றிருந்தது. மெக்கானிக்குகள் கைவிரிக்க, குருநகரிலிருந்து வள்ளம் கட்டும் ஓடாவியைக் கூட்டிவந்தீர்கள். வேம்பில் சட்டம் இழைத்து முடித்தவர், "ஐயா, றோட்டிலை ஓடுமோ தெரியாது. கடலிலை விட்டால் மிதக்கும்" என்றார். ஏழு வருடம் அதோடு கிடந்தீர்கள். அந்தப் பொறுமையில் கால்வாசியை நான் என் கலியாணத்தில்கூடக் காட்டியதில்லை.

துரை உயிர்பெற்ற நேரம் பார்த்து, சண்டையால் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் இல்லை. ஊர்க் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. "துரைக்கு மண்ணெண்ணெயோ? எஞ்சின் கரிபிடிச்சுச் செத்துப்போம். நான் நடக்கிறன்" என்றீர்கள். நடந்தீர்கள்.

நிறைமாதமாயிருந்த என் மனைவிக்கு வலி கண்ட மத்தியானம் வேறு வாகனம் அகப்படவில்லை. வேலியால் எட்டிப் பார்த்தேன். அவளின் முனகல் உங்களுக்கும் கேட்டிருந்தது.

"என்ன முழிசுறாய்? மண்ணெண்ணெய்க் கானைக் கொண்டு ஓடிவா!"

"அண்ணை, எஞ்சின்..."

"விசரா, ஊத்து!"

மருந்துப் போத்தலில் ஒளித்துவைத்திருந்த கடைசிப் பெற்றோலில் துரையைக் கிளப்பினீர்கள். முன்னால் நீங்களும் அவளும்; பின்னால், உபரிச் சில்லைக் கட்டிப்பிடித்தபடி நான். மானிப்பாய் ஆஸ்பத்திரியில் கரிமுகத்தோடு இறங்கிய என்னைப் பார்த்துத் தாதி, "ஆருக்கு வருத்தம், உவருக்கோ?" என்று கேட்டார்.

நீங்கள் உடனே திரும்பிப்போய், நான்கு நாள் எஞ்சினின் கரியைச் சுரண்டினீர்கள். ஐந்தாம் நாள்தான் தலை நீட்டினீர்கள். "எப்பயடா பிறந்தது?"

"போய் இறங்கின உடனை அண்ணை. கொஞ்சம் பிந்தியிருந்தால்..."

உங்கள் முகத்தில் அன்று எரிந்த வெளிச்சம் துரையின் இரண்டு லைற்றிலும் எரிந்ததில்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, துரையைச் சாக்கால் போர்த்துவிட்டு எங்களோடு நடந்தீர்கள். பிறகு அதைக் கண்டவர் இல்லை. "போகட்டும். அது தன்ரை வேலையை முடிச்சிட்டுது" என்றீர்கள். அதன்பின் எங்கே இருந்தாலும் வருடாவருடம் துரை ஆஸ்பத்திரிக்கு ஓடிய அதே திகதியில் தொலைபேசி எடுப்பீர்கள்: "துரையின்ரை பெட்டை என்ன செய்யிறாள்?"

நீங்கள் கண்மூடிய இந்த வருடம் தொலைபேசி அடிக்கவில்லை. ஆனாலும் உங்கள் திகதியில்தான் கேக் வெட்டினோம். வேறு நாளில் வெட்ட மகள் சம்மதிக்கவில்லை.

அவள் பிறந்தது மூன்றாம் நாள், அண்ணை. அன்றைய வலி பலாப்பழத்தால் வந்தது.