சுவரில் எங்கள் முகம் வேண்டாம்

ஃபெல்டன் தெரு,
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகன் மார்செல்லஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாம் சுகம், என் இடது முழங்காலைத் தவிர, அது யார் சொல்லையும் கேட்பதில்லை. நீயும் மருமகளும் குட்டி ஒடெட்டும் அந்த அலாஸ்காப் பனிக்குள் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் ஜெபம். போன மாதம் போனில் அங்கே என்ன விசேஷம் என்று கேட்டாய், ஒன்றுமில்லை என்றேன், அது பொய். போனில் சொன்னால் பாதியிலேயே எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

நம் தெருமுனையில் பூட்டிக் கிடந்ததே பிப்ஸ் மருந்துக்கடை, அந்தச் செங்கல் கட்டடத்தை பிப்ஸின் மகள் விற்கப் போகிறாள் என்று வசந்தத்தில் செய்தி வந்தது. அடுத்த வாரமே கோல்பி என்று ஒருவன் வந்து இறங்கினான், வெள்ளைக்காரப் பையன், முப்பது வயதிருக்கும், காலுறை போடாத ஷூ, வாய் நிறையப் பல். கட்டடம் கட்டி விற்கிறவனாம். நம் சபைக் கூடத்தில் கூட்டம் போட்டான், ஆளுக்கு ஒரு சாண்ட்விச், உள்ளே வான்கோழிக்கறியைத் தேட வேண்டியிருந்தது. வடக்கு ஃபெல்டன் என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி, இனிமேல் நம் இடத்துக்கு நோஃபெல் என்று பெயராம், கேட்டால் இருமல் மருந்து மாதிரி இருக்கிறது. எங்கள் கையில் மஞ்சள் தாள் கொடுத்து, உங்கள் கனவு என்ன என்று எழுதி ஒட்டச் சொன்னான். நெடுஞ்சாலை போடுகிறேன் என்று இந்த ஊரை இரண்டாகப் பிளந்து நாற்பது கடையை இடித்தார்களே, அன்றைக்கு எங்களுக்கு ஒரு மஞ்சள் தாளும் வரவில்லை. முடிதிருத்தகம் வைத்திருக்கிற வெர்னெல் இருக்கிறாளே, அவள் எழுந்து, "கனவெல்லாம் பெரிசா ஒண்ணுமில்ல தம்பி, ஒரு மளிகைக்கடை போதும், நாலு தக்காளி வாங்க ரெண்டு பஸ் மாறிப் போறோம்" என்றாள். அவன் பயபக்தியோடு தலையாட்டி 'ஆரோக்கியம்' என்று எழுதி ஒட்டிக்கொண்டான். தக்காளி போன இடம் தெரியவில்லை.

அப்புறம் பெரிய படம் ஒன்றை விரித்தான். மருந்துக்கடை இருந்த இடத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு, பக்கவாட்டுச் சுவர் முழுக்க நம் கறுப்பின ஜனங்களின் முகங்களை வரைவார்களாம், சரித்திரத்துக்கு மரியாதையாம். வாடகை எவ்வளவு என்று வெர்னெல் கேட்டாள், அவனுக்கு இருமல் வந்துவிட்டது. அவன் சொன்ன தொகையைக் கேட்டதும் எங்களுக்கும் வந்தது. அதாவது எங்கள் முகம் சுவருக்கு வெளியே இருக்கலாம், நாங்கள்தான் உள்ளே இருக்க முடியாது. நான் கிட்டே போய்ப் படத்தில் நம் வீட்டைத் தேடினேன். இல்லை மகனே. அந்த இடத்தில் ஒரு மரம், மரத்தடியில் ஒருத்தி நாயைக் கூட்டிக்கொண்டு போகிறாள். "என் வீடு எங்கப்பா" என்று கேட்டேன். "அது சும்மா ஓவியரோட கற்பனைங்க மேடம்" என்றான். "நாய் வரைக்கும் கற்பனை பண்ணினவருக்கு நான் ஒருத்தி தோணலையா" என்றேன். கூட்டம் சிரித்தது, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், இப்போதாவது உண்மையைச் சொல்கிறேன், வீட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி அனுப்பிய பத்திரம் அப்போது என் சமையலறை மேசையில் கிடந்தது. வித்துட்டு இங்கே வந்துடும்மா என்று நீதானே மூன்று தடவை சொன்னாய். பேனாவைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து, பொரித்த மீனின் எண்ணெய் வடிய அந்தப் பத்திரத்தைத்தான் விரித்தேன். நல்ல தாள், நன்றாக உறிஞ்சியது.

வெர்னெல் சும்மா இருப்பவளா, மறுநாளே பிப்ஸின் மகளைப் போனில் பிடித்து, "உங்கப்பா கடைய விக்கறதுன்னா முதல்ல எங்களைக் கேளு, அப்புறம் வெளியாளுக்கு வித்துக்கோ" என்று சண்டை போட்டுத் தொண்ணூறு நாள் தவணை வாங்கிவிட்டாள். ஊர்க்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஆளுக்கு ஒரு பங்காவது எடுப்பது, எத்தனை பங்கு எடுத்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு, பங்கை வெளியாளுக்கு விற்கக் கூடாது, இதுதான் ஏற்பாடு. மூப்பர் ஹோசியா ப்ரூயிட்டை உனக்கு நினைவிருக்கும், எதையும் வேண்டாம் என்று சொல்வதற்கென்றே ஆண்டவர் படைத்த மனிதர். "நம்மாளுங்க நாலு பேர் சேந்து ஒரு கேக்க ஒழுங்கா வெட்டினதில்ல, கட்டடம் வாங்கப் போறாங்களாம்" என்றார். சொல்லிவிட்டு அதே மூச்சில், "தலைவர் யாரு" என்றும் கேட்டார். நான் முழங்காலை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கதவுக்குப் பின்னால் டிவி அலற, வீட்டில் யாரும் இல்லை என்று உள்ளிருந்தே பதில் சொன்னவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற லவோனியா ஒரு பங்குக்கான பணத்தை நான்கு சம்பளத்தில் பிரித்துக் கொடுத்தாள். சனிக்கிழமைதோறும் மீன் பொரித்து விற்றோம். மீதிக்குச் சபைகள் சேர்ந்து கடன் கொடுத்தன. எண்பத்தெட்டாம் நாள் கையெழுத்துப் போட்டு, எண்பத்தொன்பதாம் நாள் உள்ளே போய்ப் பார்த்தால் கூரை வழியாக வானம் தெரிகிறது. "நான் சொல்லல?" என்றார் மூப்பர், அன்றைக்கு அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கூரையைச் சரிசெய்து முடிப்பதற்குள் கோல்பி திரும்பி வந்தான், நாங்கள் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு தருகிறேன் என்று. அப்போதுதான் எங்கள் லட்சணம் தெரிந்தது. நாங்கள் ஒன்றும் பரிசுத்தவான்கள் இல்லை, பேராசை எங்கள் காதிலும் இனிக்க இனிக்கப் பேசும். கனவு கனவு என்று கைதட்டியவர்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். லவோனியா கப்பலில் சுற்றுலா போகிற விளம்பரத்தை வெட்டி வைத்துக்கொண்டாள், பாவம், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விற்றே ஆக வேண்டும் என்று மூப்பர் ஊரெல்லாம் முழங்கினார். அவர் பேச்சுக்குப் பாதிச் சபை தலையாட்டும். வெர்னெல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஓட்டெடுப்பு நாளில் மூப்பர் எழுந்து தொப்பியைக் கழற்றினார், சரி, முடிந்தது கதை என்று நான் கைப்பையை எடுத்துவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நேத்து அந்தப் பையன் எங்க வீட்டுக்கு வந்தான். என் தோள்ல தட்டி, 'ஹோசியா, நீ சொன்னா கேப்பாங்கப்பா'ங்கறான். எழுபத்தொன்பது வயசு எனக்கு. அம்பது வருஷமா என் பொண்டாட்டியே என்னை மிஸ்டர் ப்ரூயிட்டுனுதான் கூப்பிடறா. எங்கப்பாவ அவரு சாகற வரைக்கும் இந்த ஊரு வெள்ளைக்காரங்க 'டேய் பையா'ன்னுதான் கூப்பிட்டாங்க. பிப்ஸ் கடையில மட்டும் மருந்து பாட்டில்ல 'மிஸ்டர் ஐசக் ப்ரூயிட்'னு எழுதித் தருவாங்க. மருந்து தீர்ந்தும் அப்பா அந்த பாட்டில தூக்கிப் போடல. என்கிட்ட இருக்கு. நான் விக்கல." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் அரை நிமிஷத்தில், இந்த நாற்காலி ஆடுகிறது, எவன் வாங்கினான் என்று ஆரம்பித்தார், அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. நூற்று முப்பத்தொரு பேர் வேண்டாம், ஐம்பத்தெட்டுப் பேர் விற்கலாம். லவோனியா எதற்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை, அவளாகவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கீழ்த்தளத்தில் மளிகைக்கடை திறந்து மூன்று வாரம் ஆகிறது. தக்காளி சுமார்தான், கல்லாவில் நிற்கிறவளுக்குச் சில்லறை கொடுக்கத் தெரியவில்லை, கூட்டம் போட்டால் நாலு மணி நேரம் சண்டை, போன கூட்டம் முழுக்கக் கழிவறைச் சாவி யாரிடம் இருப்பது என்பதிலேயே போயிற்று. இருக்கட்டும், எங்கள் சண்டையை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

இந்த உறைக்குள் ஒரு பங்குப் பத்திரம் இருக்கிறது, ஈரம் படாமல் வை. உன் பேரில் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே, உன்னைப் பெற்றவள் நான், உன்னை எனக்குத் தெரியும். ஒடெட் பேரில் எடுத்திருக்கிறேன். அவளுக்கு நாலு வயது, பதினெட்டு ஆகும் வரை அவள் ஓட்டை நான்தான் போட வேண்டுமாம். அதனால் இன்னும் பதினாலு வருஷத்துக்குச் சாக எனக்கு நேரமில்லை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். காதை மூடித் தொப்பி போடு, மருமகளை எதிர்த்துப் பேசாதே, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போ. கர்த்தரின் நிழல் உங்கள் மூவர் மேலும் இருக்கட்டும்.

உன் அம்மா,
எர்லீன் டாலிவர்,
பங்குதாரர்